வெறும் பொடி

மாமனார் தம்ளரின் அடியில் தங்கிப்போனதை ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தார். கர்ர், கர்ர் என்று அந்தச் சத்தம் கூடத்தைக் கடந்து, பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் காதுவரை வந்தது. அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். விடிந்ததிலிருந்து அது மாமனாருக்குச் சொந்தம். பொடியைக் குடிக்க அவர் வெளியே வந்திருக்கிற இந்த இடைவெளியில்கூட வேறு யாரும் உள்ளே போய்விட முடியாது. எந்த நிமிஷமும் திரும்பி ஓடி வருவார். அதனால் மாப்பிள்ளை பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

“சத்தெல்லாம் அடியிலதான் நிக்கும் மாப்பிள்ளை,” என்று மாமனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “மேல இருக்கறது வெறும் தண்ணி. ஜனங்களுக்கு இது தெரியாது. அப்படியே தம்ளரைக் கழுவி வெச்சுடுவாங்க.”

“ஆமா மாமா.”

“நம்ம மருந்தை நாமளே வீணாக்கலாமா?” என்று சொல்லிவிட்டு ஸ்பூனை நக்கினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஓடினார்.

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “மருந்து வேலை செய்யுது,” என்றார். எதைச் சொன்னாலும் சிரிக்காமல் சொல்வது அவர் வழக்கம்.

மாமனாருக்கு ஒரு மாத்திரைக் கம்பெனி இருந்தது. பெரிய கம்பெனிகள் கண்டுபிடித்து, உரிமைக்காலம் முடிந்து, இனி யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்ட மாத்திரைகளைச் செய்து விற்கிற கம்பெனி. மாப்பிள்ளை வேதியியல் படித்தவன். கல்யாணத்தோடு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலையோடு மாமனார் வீட்டில் ஓர் அறையும் கிடைத்தது. ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்? வீட்டோடு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் வைத்தவர் மாமனாரேதான். விருந்தாளி யார் வந்தாலும், “இவர் நம்ம வீட்டோட மாப்பிள்ளை,” என்று, புதிதாக வாங்கிய குளிர்ப்பெட்டியைக் காட்டுவதுபோலக் கைகாட்டுவார்.

கம்பெனிக்குச் சொந்தமாக நாலு தெரு தள்ளி ஒரு வீடு சும்மா பூட்டிக் கிடந்தது. மாடி வீடு. இரண்டு குளியலறை. அதன் சாவி மாமனாரின் ஆபீஸ் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பேச உட்காருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

“கம்பெனிக்கு உருப்படியா ஒரு காரியம் பண்ணிக் காட்டுங்க மாப்பிள்ளை. அன்னிக்கே சாவி உங்க கையில. எனக்கு ஒரே நாக்கு, ஒரே பேச்சு,” என்று மாமனார் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளையின் மனைவி அப்பாவின் நாக்கை நம்பி, பூட்டிய வீட்டின் ஜன்னல்களைத் தெருவில் நின்று கண்ணாலேயே அளந்து, திரைச்சீலை வாங்கி வைத்துவிட்டாள்.

அந்த உருப்படியான காரியம்தான் ‘இலகு’. ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த சாறைக் காயவைத்துச் செய்த பொடி. வயிற்று உப்புசத்துக்கு நல்லது என்று மாப்பிள்ளை எங்கோ படித்திருந்தான். வேர்ச்சாறு மட்டும் பாக்கெட்டில் போட்டால் நகக்கண் அளவுதான் இருக்கும். அதை யாரும் மருந்தென்று மதிக்க மாட்டார்கள். கூட எதையாவது கலந்து இரண்டு ஸ்பூன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் பால் சர்க்கரையைக் கலந்து பார்த்தான். ஒரு வாரத்தில் வெள்ளைப் பொடி தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டது. சில பொருள்களோடு பால் சர்க்கரையைச் சேர்த்து வைத்தால் இப்படிப் பழுத்துப்போகும். அதனால் சாதாரணச் சர்க்கரைக்கு மாறினான். பொடி வெள்ளையாகவே நின்றது.

பால் சர்க்கரை என்பது பாலில் இயல்பாகவே இருக்கிற சர்க்கரை. பாலைத் திரித்துக் கட்டியை எடுத்துவிட்டால் ஒரு தெளிந்த தண்ணீர் மிஞ்சும் அல்லவா, அதைச் சுண்டவைத்துப் படியவிட்டு எடுப்பார்கள். மாத்திரை செய்கிறவர்களுக்கு அது உயிர். ஒரு மாத்திரையில் உள்ள மருந்து பல சமயம் கடுகளவுகூட இராது. கடுகைவிடச் சின்னதை விரலால் எடுக்க முடியுமா, எந்திரத்தால்தான் அழுத்த முடியுமா? அதற்கு ஓர் உடம்பு வேண்டும். பால் சர்க்கரை உடம்பு கொடுக்கும். அழுத்தினால் கெட்டியாகும், மருந்தோடு பெரும்பாலும் சண்டை போடாது, ருசியும் பரவாயில்லை. மாத்திரை உடையாமல் இருக்கக் கொஞ்சம் மாவுப் பசை, அச்சில் ஒட்டாமல் வழுக்கி வர ஒரு சிட்டிகை கொழுப்புப் பொடி, பார்க்க லட்சணமாக இருக்க நிறம். மருந்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ‘செயல்படாதவை’ என்று ஒரு பொதுப்பெயர்.

அந்தக் கம்பெனியில் ‘செயல்படாதவை’ என்று நீட்டிச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் செய்முறை வாசிக்கிற கூட்டம் ஒன்று நடக்கும். மருந்தின் பெயரையும் அளவையும் வாசித்தவுடன் மாமனார் கையைத் தூக்கி, “மற்றவை வழக்கம்போல,” என்பார். எல்லோரும் எழுந்து தேநீர் குடிக்கப் போவார்கள். வழக்கம்போல என்றால் பால் சர்க்கரை. கிடங்கில் மூட்டை மூட்டையாக அது இருந்தது. அதை யாரும் ஒரு பொருளாகவே நினைப்பதில்லை. வீட்டில் தண்ணீரை நினைக்காத மாதிரி.

புது மருந்தை அப்படியே விற்றுவிட முடியாது. வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். உப்புசக்காரர்களைக் கூட்டி, சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்துப் பொடி. இன்னொரு கூட்டத்துக்குப் பார்வைக்கும் நாக்குக்கும் அதேபோல இருக்கிற வெறும் பொடி. பாக்கெட்டின் மேல் எண் மட்டும் இருக்கும். எந்த எண்ணில் எது என்பது குடிக்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. எதற்கு இந்தக் கண்ணாமூச்சி என்றால், மருந்து சாப்பிடுகிறோம் என்கிற நினைப்பே பாதி வியாதியை விரட்டிவிடும். அந்த நினைப்பைக் கழித்துவிட்டு, மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் எவ்வளவு என்று பார்ப்பதற்குத்தான் வெறும் பொடி. அழகான ஏற்பாடு. வெறும் பொடி உண்மையிலேயே வெறுமையாக இருக்கிற வரைக்கும்.

வெறும் பொடியின் செய்முறையை வாசித்த கூட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

“மருந்து: இல்லை,” என்று மாப்பிள்ளை வாசித்தான்.

“மற்றவை வழக்கம்போல,” என்றார் மாமனார். “ஒண்ணுமில்லாததுக்குப் போய் நல்ல சர்க்கரையைக் கொட்டுவாங்களா? கிடங்குல இருக்கறதை அள்ளிப் போடச் சொல்லுங்க.”

எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். மாப்பிள்ளையும் போனான். பால் சர்க்கரைக்கு இனிப்புப் போதவில்லை என்று பிறகு யாரோ சொன்னபோது, கண்ணுக்குத் தெரியாத அளவு செயற்கை இனிப்பைச் சேர்த்து ருசியைச் சரிக்கட்டியவனும் அவனேதான்.

மாமனார் தானும் சோதனையில் சேர்ந்தார். “என் மருந்தை நானே குடிக்கலைன்னா எவன் குடிப்பான்?” சாப்பிட்ட பிறகு லேசாக ஏப்பம் வருகிற அளவுக்கு அவருக்கும் வாயு இருந்தது. தகுதிக்கு அது போதும் என்று குடும்ப டாக்டர் சொன்னார். சோதனையை மேற்பார்வையிட்டவரும் அந்த டாக்டர்தான். மாமனார் எல்லோரையும்போலச் சீட்டு எடுத்தார். எண் வந்தது. தன் பாக்கெட்டில் மருந்துதான் இருக்கிறது என்பதில் அவருக்கு இம்மியளவும் சந்தேகமில்லை. முதலாளிக்குப் போய் யாராவது வெறும் பொடி கொடுப்பார்களா?

பாதியில் ஒருமுறை கணக்குப் பார்த்தார்கள். யார் எந்தக் கூட்டம் என்று ஆள் ஆளாகப் பிரிக்காமல், மருந்து குடித்த முதல் கூட்டம் எப்படி, வெறும் பொடி குடித்த இரண்டாம் கூட்டம் எப்படி என்று மட்டும். முதல் கூட்டம் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. இரண்டாம் கூட்டத்தில் பலருக்கு வயிறு உப்பி, இரைந்து, பேதி கண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டாக்டர் மேசையைத் தட்டினார். “பிரமாதம்! மருந்து இல்லாதவங்க கதியைப் பாருங்க. இந்த ஊர்ல வாயு எவ்வளவு வேகமா முத்துதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. நம்ம மருந்து மட்டும் இல்லைன்னா அத்தனை பேரும் இப்படித்தான் ஆகியிருப்பாங்க.”

ஒன்றுமே கொடுக்கப்படாதவர்களுக்கு, இருந்ததைவிட எப்படி மோசமாகும் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் கண் ஆணியில் தொங்கிய சாவியில் இருந்தது. மாமனார் அதைக் கவனித்துவிட்டு, சாவியை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினார். “கிட்ட வந்துட்டீங்க மாப்பிள்ளை.”

அன்றைக்கு வீட்டில் திரைச்சீலைக்கு வளையம் தைக்கப்பட்டது.

ஆனால் மாமனாரின் உடம்பு கம்பெனியின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. மருந்து குடிக்கிறவர் தெளிய வேண்டும். இவரோ நாளுக்கு நாள் மோசமானார். சாப்பிட்டால் வயிறு பறைபோல விம்மியது. தட்டிப் பார்த்தால் ஒலித்தது. கன்னம் ஒட்டிப்போனது. அவர் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். உள்ளே ஒளிந்திருக்கிற நோயை மருந்து வெளியே தள்ளுகிறது, தள்ளும்போது சத்தம் வரத்தான் செய்யும். தள்ளுவதைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று கிடங்கில் சொல்லி, தன் எண் போட்ட பாக்கெட்டுகளை இன்னும் ஒரு பெட்டி வாங்கி வந்து, வேளைக்கு இரண்டாகக் கரைத்துக் குடித்தார். அடியில் நின்றதையும் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டில் பயம் வந்தது. டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இவ்வளவு நல்ல மருந்துக்கே அடங்கவில்லை என்றால் உள்ளே இருப்பது சாதாரண வாயு இல்லை என்றார். குடல் வரைக்கும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் அங்கேயே அறுத்தும் பார்த்துவிடலாம் என்று நாள் குறித்தார்.

மாமனார் படுக்கையில் சாய்ந்தபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். மகளிடம், “தைரியமா இரும்மா,” என்றார். மாப்பிள்ளையிடம், “கம்பெனியைப் பாத்துக்கோங்க. எனக்கு அப்புறம் உங்களை வீட்டோட மாப்பிள்ளைன்னு கூப்பிட யார் இருக்கா?” என்று கண் கலங்கினார். மாமியாரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, எழுந்து ஓடினார்.

“திரும்பி வந்து சொல்லுங்க, நான் எங்க போகப்போறேன்,” என்றார் மாமியார். குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள். மாப்பிள்ளை ஆபீஸில் உட்கார்ந்திருந்தான். தொலைபேசி அடித்தது.

“சார், நான் பஸ் டிரைவர் பேசறேன். உங்ககிட்ட பொடி வாங்கிட்டுப் போனேனே.”

“சொல்லுங்க. எப்படி இருக்கு?”

“எனக்கு இருக்கட்டும் சார், பாசஞ்சருக்கு எப்படி இருக்குன்னு கேளுங்க. வண்டியில என்னமோ இரையுதுன்னு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பின்பக்கமெல்லாம் கழட்டிப் பாத்தாங்க. பழுது டிரைவர் சீட்டுலன்னு நான் எப்படி சார் வாயத் தொறந்து சொல்றது?”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

“ஒரு சந்தேகம் சார். எனக்குப் பால் ஆகாது. ஒரு டம்ளர் குடிச்சேன்னா இதே கச்சேரிதான். அதனால எந்த மாத்திரை வாங்கினாலும் கூட இருக்கற சீட்டைப் பாப்பேன், தெரியலைன்னா கடைக்காரரைக் கேப்பேன். உங்க பாக்கெட்டுல நம்பரைத் தவிர ஒண்ணுமே எழுதலை. இதுல பால் சமாச்சாரம் ஏதாவது இருக்கா?”

“சேச்சே. மருந்துல பால் கிடையாது. வேர்ச்சாறும் சாதாரணச் சர்க்கரையும்தான்.”

“சரி சார். எனக்கு வந்திருக்கறது மருந்துதான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அது தெரியாது. வெறும் பொடியாக்கூட இருக்கலாம்.”

“அப்ப வெறும் பொடியில என்ன இருக்கு?”

“வெறும் பொடியில ஒண்ணும்...” என்று ஆரம்பித்த மாப்பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றது.

ஒன்றுமில்லாதது எப்படி இரண்டு ஸ்பூன் எடை இருக்கும்? அவன் காதுக்குள் கர்ர், கர்ர் என்று ஒரு ஸ்பூன் சுரண்டியது.

“நிறுத்திடுங்க,” என்றான். “இப்பவே நிறுத்துங்க. மீதிப் பாக்கெட்டைத் தொடாதீங்க. சரியாயிடும்.”

“ஆஹா. உள்ள என்ன இருந்துச்சு சார்?”

“வழக்கம்போல,” என்று சொல்லி மாப்பிள்ளை போனை வைத்தான்.

அவனுக்குத் தெரியாத விஷயமா? பால் சர்க்கரையைக் குடல் அப்படியே வாங்கிக்கொள்ளாது. அதை இரண்டாக வெட்டிக் கொடுக்க ஒரு நொதி வேண்டும். பால் குடிக்கிற பருவத்தில் எல்லாக் குழந்தைக்கும் அந்தக் கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கும். வளர வளர, உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது மழுங்கிவிடும். வெட்டுப்படாத சர்க்கரை நேரே பெருங்குடலுக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கில் குடியிருக்கிற நுண்ணுயிர்களுக்கு அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு. அவை தின்று வாயுவாக விடும். மிச்சச் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். இதைக் கல்லூரியில் படம் போட்டு மதிப்பெண் வாங்கியவன் அவன். ஆனால் அது ‘பால்’ என்ற அறையில் இருந்தது. கிடங்கு மூட்டை ‘மற்றவை’ என்ற அறையில் இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கதவை இதுவரை யாரும் திறக்கவில்லை.

வாயு மருந்தைச் சோதிக்க, வாயு தருகிற பொடியை எதிரே நிறுத்தியிருக்கிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் பக்கத்தில் ஓடுகிறவன் காலை உடைத்துவிட்டு, நம் ஆள் நடந்தே ஜெயித்தான் என்று மாலை போட்ட கதை.

மாமனார் எந்தக் கூட்டம் என்று தெரிய, எந்த எண்ணில் எது என்று எழுதி ஒட்டிவைத்த உறையைத் திறக்க வேண்டியதில்லை. சாதாரணச் சர்க்கரை தண்ணீரைக் கண்டதும் கரைந்து காணாமல் போய்விடும். பால் சர்க்கரை பிடிவாதக்காரி. கொஞ்சம் தண்ணீரில் குவித்துப் போட்டால் அடியில் மணலாக உட்கார்ந்துகொள்ளும். மாமனார் சத்து என்று சுரண்டி நக்கியது அதைத்தான்.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து சாவியைப் பார்த்தான். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. இலகு விற்கும். இரண்டு குளியலறை கிடைக்கும். மாமனாரின் குடலுக்குள் நாளைக்குக் குழாய் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. இருக்காத ஒன்றைத் தேடி டாக்டர் அறுப்பார்.

வீட்டுக்குப் போய் மனைவியைப் பால்கனிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

“ஏங்க, அப்பாவுக்கு வேற ஒண்ணும் இல்லைதானே?”

“பொடியை நிறுத்தினா ரெண்டு நாள்ல எழுந்து நம்மளைத் திட்டுவாரு.”

“அப்ப போய்ச் சொல்லுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே, “துணிக்கடையில திரையைத் திருப்பி வாங்கிக்குவாங்களா?” என்றாள்.

“வளையம் தெச்சுட்டியே.”

“அதான் யோசிக்கறேன்.”

மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, இரண்டு தம்ளரில் பாதிப் பாதித் தண்ணீர் வைத்தான் மாப்பிள்ளை. ஒன்றில் அடுப்படிச் சர்க்கரை இரண்டு ஸ்பூன். மற்றதில் மாமனாரின் பாக்கெட் ஒன்று. இரண்டையும் கலக்கினான். ஒன்று தெளிந்தது. மற்றதில் அடியில் வெள்ளையாகப் படிந்தது. பிறகு எல்லாவற்றையும், கத்தரிக்கோலிலிருந்து கல்யாணச் சாப்பாடு வரைக்கும், விளக்கிச் சொன்னான்.

மாமனார் தம்ளர்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி அல்ல.

“எனக்கா வெறும் பொடி?” என்றார்.

“மாமா, உங்களுக்கு வியாதியே இல்லைன்னு சொல்றேன்.”

“அது இருக்கட்டும். என் கம்பெனியில, என் கிடங்குல, எனக்கே வெறும் பொடி! எவன் அந்தச் சீட்டை எடுத்தான்?”

“நீங்கதான் எடுத்தீங்க.”

“எடுத்த கை சரியில்லை,” என்று மாமியார் கதவருகிலிருந்து சொன்னார். “சீட்டு என்ன செய்யும்?”

மாமனாருக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது. வயிற்றைத் தடவிக்கொண்டார். “அப்ப குழாய் வேண்டாமா?”

“நிறுத்திப் பாப்போம். அடங்கலைன்னா அப்புறம் குழாய் விடலாம்.”

“இருங்க, இருங்க. நான் தினம் பால் விட்ட டீ குடிக்கறேனே? அப்ப ஒண்ணும் பண்ணலையே?”

“டீயில விழறது கொஞ்சம்தான் மாமா. அவ்வளவை உடம்பு சமாளிச்சுக்கும். நீங்க மூணு வேளையும் குவிச்சுக் குவிச்சு நாலு ஸ்பூன் சாப்பிட்டிருக்கீங்க, அடியில நின்னதையும் சேத்து.”

பொடி நிறுத்தப்பட்டது. சொன்னபடி வயிறு வடிந்தது. இரைச்சல் நின்றது. மூன்றாம் நாள் காலையில் மாமனார் குளியலறைக்குள் போய், ஆச்சரியமாக, உடனே வெளியே வந்தார். டாக்டர் வந்து தட்டிப் பார்த்து, “நான் அப்பவே நினைச்சேன்,” என்றார். என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

சோதனையை மறுபடி நடத்தினார்கள். இந்தத் தடவை வெறும் பொடியிலும் சாதாரணச் சர்க்கரையே போட்டார்கள். முதலில் எல்லோரிடமும் பால் ஆகுமா என்று கேட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் ஒரே மாதிரி இருந்தன. இலகு யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. நல்லதும் செய்யவில்லை. மாமனார் அதை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். இலகுவுக்குள் இருந்த வேர்ச்சாறும் கடைசியில் ‘செயல்படாதவை’யில் சேர்ந்துவிட்டது.

சாவி போயிற்று என்று மாப்பிள்ளை மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் அவன் அறியாமல் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. விளக்கத் தெரிந்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அதுதான் வினை.

மாமனார் ரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை போடுகிறவர். ஒரு காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுலயும் அதுதானே?” என்றார்.

“அதேதான். ஆனா ஒரு சிட்டிகை. ரொம்பச் சிலருக்குத்தான் அந்தச் சிட்டிகைகூட ஆகாது. அவங்க டாக்டர்கிட்ட சொல்லி வேற கம்பெனி மாத்திரை வாங்கிக்கலாம். நீங்க தைரியமாப் போடுங்க. இதுக்குப் பயந்து மாத்திரையை விட்டீங்கன்னா அதுதான் ஆபத்து.”

அங்கே நிறுத்தியிருக்கலாம். மாமனார், “வேற என்னவெல்லாம் இருக்கு மாப்பிள்ளை?” என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. கேப்சூலின் கூடு பெரும்பாலும் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து காய்ச்சி எடுப்பது என்றான். சில மாத்திரையில் கோதுமை மாவு இருக்கும், கோதுமை ஆகாதவர்கள் கேட்டு வாங்க வேண்டும் என்றான். சில மாத்திரைக்குப் பளபளப்பு ஒரு பூச்சியின் பிசினிலிருந்து வருவது என்றான்.

“பூச்சியா?” மாமனார் மாத்திரையைக் கீழே வைத்தார்.

“இதுல இல்ல மாமா, இதுல இல்ல.”

“இதுல இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க பாத்துச் சொன்னாத்தானே தெரியும்.”

இத்தனை வருஷம் அத்தனை பேருக்கும் மாத்திரை செய்து விற்றவருக்கு, மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்ற கவலை அன்றைக்குத்தான் பிறந்தது. பிறந்த கவலை ஓடியாடி விளையாடவும் ஆரம்பித்தது. இருமல் மருந்து, கண் சொட்டு, பற்பசை, தும்மலுக்கு மாமியார் போடுகிற மாத்திரை எல்லாம் மாப்பிள்ளையின் கைக்கு வந்த பிறகே அவர் வாய்க்கோ கண்ணுக்கோ போயின. ரத்த அழுத்த மாத்திரையை அவன் வெளிச்சத்தில் பிடித்து, அட்டையைத் திருப்பிப் படித்து, “போடலாம்,” என்று சொல்ல வேண்டும். நேற்றுப் படித்த அதே அட்டைதான். இன்றும் படிக்க வேண்டும். கம்பெனிக் கூட்டத்திலும் மாற்றம் வந்தது. மருந்தை வாசித்தவுடன் மாமனார் பழக்கதோஷத்தில் கையைத் தூக்குவார், தூக்கிய கையாலேயே மாப்பிள்ளையைச் சுட்டி, “மற்றவை, விளக்கமா!” என்பார். தேநீர் ஆறிப்போகும்.

ஒரு நாள் அவனை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, ஆணியிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார்.

“மாமா, இலகுதான் போயிடுச்சே.”

“இலகு போனா என்ன? இந்தக் கம்பெனியில உருப்படியா ஒருத்தர் ஒரு காரியம் பண்ணியிருக்காருன்னா அது நீங்கதான். என் வயித்தைக் காப்பாத்துனீங்க. வெளுத்ததெல்லாம் பால்னு நம்பற ஆளுன்னு உங்களை எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். கடைசியில வெளுத்தது பாலாவே போச்சு. எனக்கு ஒரே நாக்கு. பிடிங்க.”

மாப்பிள்ளை சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டான். அன்று மாலையே மனைவி திரைச்சீலைகளை எடுத்து மடித்தாள். இரண்டு குளியலறையில் தனக்கு எது என்று முடிவும் செய்தாள்.

வண்டி வந்தது. பீரோ ஏறியது, கட்டில் ஏறியது, பாத்திரப் பெட்டி ஏறியது. பிறகு இன்னொரு கட்டில் ஏறியது. மாப்பிள்ளை அதைப் பார்த்தான். தேக்குக் கட்டில். தலைமாட்டில் பழகிய எண்ணெய்க் கறை.

“இது மாமாவோடதாச்சே. தப்பா ஏத்திட்டீங்க,” என்றான் தூக்கியவர்களிடம்.

“ஏத்தலாம், ஏத்தலாம்,” என்று சொல்லிக்கொண்டே மாமனார் ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் மாத்திரை டப்பாவுமாக வெளியே வந்தார். “நீங்க அங்க போயிட்டா இங்க யாரு அட்டையைப் படிச்சுச் சொல்றது? உங்க அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் இந்தப் பொடி எழுத்துத் தெரியாது.”

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தான். மனைவி வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள். மாமனார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். “அங்க ரெண்டு பாத்ரூம்தானே மாப்பிள்ளை? ஒண்ணை எனக்கு விட்டுடுங்க. போதும்.”

மாமியார் வாசல்வரை வந்து நின்றார். அவருடைய பெட்டியைக் காணோம்.

“அத்தை, நீங்க வரலையா?” என்று மாப்பிள்ளை கடைசி நம்பிக்கையோடு கேட்டான்.

“நான் எதுக்கு மாப்பிள்ளை? எனக்குப் பாலும் ஆகும், பூச்சியும் ஆகும்,” என்றார் மாமியார். பிறகு, அந்த வீட்டில் முதல்முறையாக எல்லோரும் பார்க்கும்படி சிரித்தார். “நான் போய் நிதானமா ஒரு குளி குளிக்கறேன்.”

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அந்த வீட்டுக் குளியலறைக் கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. தனிக்குடித்தனம் கிடைத்தது அவருக்குத்தான்.

புது வீட்டில் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை சரியாகவே பொருந்தியது. விருந்தாளிகள் வந்தால் மாமனார் முன்பு மாதிரி மாப்பிள்ளையைக் கைகாட்டி எதுவும் சொல்வதில்லை. மாப்பிள்ளைதான், கையிலிருக்கும் மாத்திரை அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், சோபாவில் வாயைத் திறந்து காத்திருப்பவரைக் காட்டிச் சொல்வான்:

“இவர் எங்க வீட்டோட மாமனார்.”